எந்தச் சுவர் யாருடையது

கூடத்தின் வடக்குச் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள் கொத்தனார் மகள். கல் சுவரைத் தட்டினால் கைக்கு உறைக்கும், சத்தம் நெற்றியில் வந்து அடிக்கும். இந்தச் சுவர் நனைந்த மூட்டையைத் தட்டியதுபோல் தொப்பென்றது. ஆறு பங்காக எண்ணும் அந்தச் சுவரின் மூன்றாவது பங்கில், தரையோரம் பூச்சு உப்பியிருந்த இடத்தில், துளைக்கம்பியை வைத்துத் திருகினாள். இரண்டு விரற்கடைக்குக் கெட்டியான பூச்சு. அதற்கப்புறம் கம்பி வாழைத்தண்டில் இறங்குவதுபோல் முழங்கை நீளம் இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது சிவப்பு மண், கொஞ்சம் வைக்கோல், ஓர் உடைந்த ஓட்டுச் சில்லு.

அந்த இடத்தில்தான் அவள் குடும்பம் நான்கு தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமைதோறும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறது.

சபைக்கு இந்த வருடம் நூறு வயது. அதைக் கொண்டாட இரண்டு தீர்மானம் போட்டிருந்தார்கள். ஒன்று, சபையின் ஒன்பது கூடங்களும் எப்படி எழும்பின, எப்படிக் கட்டப்பட்டன என்று படத்தோடு ஒரு புத்தகம். இரண்டு, முதல் கூடத்தின் தகரக் கூரையைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் தளம். இரண்டும் அவள் தலையில் விழுந்தன. சபையில் இன்ஜினியரிங் முடித்த முதல் ஆள் அவள். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் அவள்தான். நகராட்சியில் உரிமம் பதிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 'இந்தச் சுவர்கள் இந்தப் பாரத்தைத் தாங்கும்' என்று உரிமம் பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் தளத்துக்கு அனுமதி. "வெளியாள் எதுக்கு? நம்ம பிள்ளை இருக்கே" என்றார்கள். நம்ம பிள்ளை என்று சபை அவளைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை கொத்தனார் மகள். சும்மா சொல்லக் கூடாது, பட்டம் வாங்கிய பிறகும் கொத்தனார் மகள்தான். காரியம் ஆகவேண்டிய அன்றைக்குத்தான் நம்ம பிள்ளை.

சபையின் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். தாய்ச் சபையில் இவர்களுடைய முப்பாட்டன்மார் கதவோரம் நின்றுகொண்டுதான் ஜெபம் பண்ண வேண்டும். திராட்சரசப் பாத்திரம் கடைசியாகத்தான் அவர்களிடம் வரும், மிச்சமிருந்தால். ஒரு நாள் பன்னிரண்டு குடும்பங்கள் வெளியே வந்து, இனி எங்களுக்கு நாங்களே சபை என்றன. ஊர்க் கடைசியில் சதுப்பாகக் கிடந்த நிலத்தை வாங்கிச் சுவர் எழுப்பின. தாய்ச் சபையின் பெரிய மனிதர்கள் சொல்ல, அதிகாரி வந்து இடித்தார். மறுபடி எழுப்பினார்கள், மறுபடி இடித்தார். அப்போதிருந்த சட்டப்படி, கூரை போட்டு ஆள் கூடிவிட்ட வழிபாட்டு இடத்தை நீதிமன்றம் சொல்லாமல் தொட முடியாது. கூரையில்லாத சுவரை யாரும் இடிக்கலாம். பன்னிரண்டு பேரில் ஒருவர் தச்சர். அவர்தான் கேட்டாராம்: "அப்ப சுவரு எதுக்கு? கூரையை முதல்ல போடுவோம்."

ஆளுக்கொரு வீட்டில் வைத்துக் கூரையைத் துண்டு துண்டாகச் செய்தார்கள். அலுவலகம் மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு மரத்தூண்களை நட்டு, பொழுது சாய்வதற்குள் கூரையை ஏற்றிவிட்டார்கள். மறுநாள் அதிகாரி கடப்பாரை ஆட்களோடு வந்தபோது சுவரே இல்லாத ஒரு கட்டடத்துக்குள் இருநூறு பேர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். எதை இடிப்பது என்று தெரியாமல் அவர் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம்தான் சுவர். தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு பங்கு. பக்கத்துக்கு ஆறு பங்கு, குடும்பத்துக்கு ஒன்று. கல் வாங்க முடிந்தவர்கள் கல்லால் அடைத்தார்கள், முடியாதவர்கள் கிடைத்ததால் அடைத்தார்கள். ஒரே ஒரு விதி: சுவர் முடிந்ததும் உள்ளும் புறமும் எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு. எவன் கல் வைத்தான், எவன் மண் வைத்தான் என்பதை அன்றோடு மறந்துவிட வேண்டும். கேட்பது பாவம். சொல்வது அதைவிடப் பெரிய பாவம். போகிற இடத்திலெல்லாம் 'நீ எந்த வரிசை' என்று கேட்கப்பட்டே செத்தவர்கள் போட்ட விதி. நல்ல விதி என்றுதான் அவளும் சின்ன வயதில் நம்பினாள். பிறகு வந்த எட்டுக் கூடங்களும் இதே முறைதான். கோபுரம் கிடையாது. பீடத்துக்குப் படி கிடையாது. தரை முழுக்க ஒரே மட்டம். ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, கல்லெறி வாங்கிய காலத்தில் வைத்தவை. இரண்டு கோடியிலும் கதவு, ஒன்றை மறித்தால் இன்னொன்றில் ஓட. புத்தகத்தில் எழுத எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அளக்கப் போனபோது அவள் தூண்களைத் தேடினாள். பூச்சுக்குள் இருக்க வேண்டும். துளைத்துப் பார்த்தால் கறையான் தின்று துப்பிய புழுதி. பதினான்கில் பதினொன்று புழுதி. சுவரோரம் ஒரு சாண் தோண்டினாள், அங்கேயே சுவர் முடிந்துவிட்டது. அஸ்திவாரம் என்று ஒன்று இல்லை. இடத்தை அடைக்க வைத்த சுவருக்கு அஸ்திவாரம் எதற்கு? தகரம் லேசு, ஏதோ உட்கார்ந்திருந்தது. கான்கிரீட் அப்படி உட்காராது.

சபைச் செயலாளர் ஒன்பது கூடங்களின் சாவியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பவர். வாலிபர்கள் அவருக்கு வைத்த பெயர் சாவிக்கொத்து. அவரிடம்தான் முதலில் போனாள்.

"எல்லாப் பங்கையும் துளைச்சுப் பார்க்கணுங்கய்யா. மண்ணா கல்லான்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"யார் பங்குல என்ன இருக்குன்னு கேக்கப் போறியா? நூறு வருசமா எவனும் கேக்கலை."

"நூறு வருசமா எவனும் கான்கிரீட் போடலையே."

"படம் புடிச்சுப் புஸ்தகம் எழுதச் சொன்னா, சுவருக்கு ஆபரேஷன் பண்ணக் கிளம்பிட்டியா? போம்மா, போய் வேலையைப் பாரு."

பேச்சு பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த வாரம் ஆட்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள், ஒருத்தர் வந்தது இன்னொருத்தருக்குத் தெரியாமல்.

முதலில் வந்தவள் தையல்கார அத்தை. ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தவள்போல் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கதவைச் சாத்துடி. உங்கம்மா எங்க?"

"கடைக்குப் போயிருக்காங்க. என்ன அத்தை?"

"எங்க பங்கு தெரியுமில்ல, தெற்குப் பக்கம் ரெண்டாவது. அது மண்ணுடி. எங்க மாமனார் சாகறப்ப மகன் காதுல சொல்லிட்டுச் செத்தாரு. நீ துளைச்சுக் கிளைச்சு எங்க மானத்தை வாங்கிடாத."

"அத்தை, மண்ணுன்னா தளம் நிக்காது."

"எங்களது ஒண்ணுதானே மண்ணு? மத்த பதினொண்ணும் கல்லுதானே? பன்னிரண்டு பேர் பாடை தூக்கறப்ப ஒருத்தன் சும்மா கையை வச்சுக்கிட்டு நடந்தா பொணம் விழுந்துடுமா?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து லாரிக்காரர். அவருக்குப் பிறகு இரும்புக்கடைக்காரர், போட்டோக்காரர், இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பள்ளிக்கூடத்து ஆயா. எல்லார் வாயிலும் அதே வாக்கியம்: எங்களது ஒண்ணுதான் மண்ணு. எட்டாவதாக வந்தவர் சாவிக்கொத்து. சத்தம் கேட்கக் கூடாதென்று சாவிகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"நம்ம பங்குலயும் கொஞ்சம் மண் கலந்திருக்கும்" என்றார் சுவரைப் பார்த்து.

"கொஞ்சம்னா எவ்வளவுங்கய்யா?"

"கொஞ்சம்னா... முழுக்க."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். இங்கே மண் குதிரைகளே ஒன்றை ஒன்று நம்பி ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தன. எட்டுப் பேர், அவள் வீடு ஒன்பது. மீதி மூன்று குடும்பமும் வரவில்லை என்றால் அவர்களுக்கு வெட்கம் இன்னும் அதிகம், அவ்வளவுதான். எல்லாரிடமும் சத்தியம் செய்திருந்தாள். அந்த ஞாயிறு கூடத்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. யார் பங்கு எது என்று வாய் திறந்து சொல்லக் கூடாது, சரி. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கின்மேல்தான் முதுகைச் சாய்த்திருந்தது. நூறு வருடமாக வாயைக் கட்டினார்களே தவிர முதுகைக் கட்டவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா முற்றத்தில் பூச்சுக் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்பது கூடத்திலும் ஒழுகல், விரிசல் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தளவேலையும் அவர் பொறுப்பு.

"அப்பா, நம்ம பங்கு மண்ணு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கொத்தனுக்குச் சுவரு தெரியாதா? தினம் அதுல முதுகு சாய்க்கறேன்."

"அப்புறம் எப்படிப்பா வேலைக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"ஒண்ணுதானே மண்ணு" என்றார். அதே வாக்கியம்.

"ஒண்ணு இல்லப்பா. ஒன்பது. எங்கிட்ட வந்து சொன்னாங்க."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப சொல்லாத. வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்தைப் போடு." கரணையை உதறினார். "இத்தனை வருசத்துல கூரை ஏத்தற அன்னிக்கு முதல் ஆளா மேல ஏறினது எல்லாம் பெரிய வீட்டு ஆளுங்க. நம்ம ஆளுங்க கீழ நின்னு மண்ணு குழைச்சுக் குடுத்தோம். வரிசையே கிடையாதுன்னு சொல்ற சபைதான். இந்தத் தடவை என்னைய ஏறச் சொல்லியிருக்காங்க. எம் பொண்ணு கையெழுத்து, நான் மேல. புரியுதா?"

புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. அவர் கேட்டது இடுப்பொடிய முப்பது வருடம் உழைத்த ஒரு மனிதன் கேட்கக்கூடிய சின்ன விஷயம். அதைக் கொடுக்க அவளிடம் வழியில்லை.

குழு கூடியது. குடும்பத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், அவரவர் சுவரோரம். போதகர் நடுவில். அப்பா மூன்றாவது பங்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டட அமைப்பைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவள் எழுந்தாள்.

"தூணெல்லாம் செத்துப் போச்சு. அஸ்திவாரம் இல்லை. இனிமே தளத்தைத் தாங்க வேண்டியது சுவரு மட்டும்தான். அந்தச் சுவரு மண்ணு. நான் துளைச்சது எங்க பங்கை மட்டும்தான். ஆனா உங்கள்ல எட்டுப் பேர் எங்கிட்ட வந்து உங்க பங்கும் மண்ணுன்னு சொன்னீங்க. ஒவ்வொருத்தரும் தன்னோடது ஒண்ணுதான் மண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. நான் பேர் சொல்லலை. நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க. முதல்ல நாங்க சொல்றோம். எங்க பங்கு மண்ணு."

போதகர் நல்ல மனிதர், யாருக்கும் நோகக் கூடாது என்று நினைப்பவர். நல்ல மனிதர்கள் கேட்கிற கேள்விதான் ஆளைக் கொல்லும்.

"கொத்தனாரே," என்றார் மெதுவாக, "உங்க பங்கு மண்ணா?"

அப்பா எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"கல்லுங்கய்யா. எங்க தாத்தா முதுகுல சுமந்து வந்து வச்ச கல்லு."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. "எங்களதும் கல்லு" என்றார் லாரிக்காரர். "கல்லு" என்றார் இரும்புக்கடைக்காரர். போட்டோக்காரர், கல்லு. ஆசிரியர் இருவரும், கல்லு. தையல்கார அத்தை டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "கல்லுதான்" என்றாள். வரிசை சாவிக்கொத்திடம் வந்தது.

"கருங்கல்லு" என்றார் அவர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு பூசணித் தோட்டத்தையே மறைத்ததை அன்றுதான் பார்த்தாள்.

"அப்ப எல்லாரும் பொய் சொல்லலை, நான்தான் பொய் சொல்றேன். சரி. கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் சாவிக்கொத்து. "சபை படிக்க வச்ச படிப்பு, சபைக்கு எதிராவே பேசுது."

"படிக்க வச்சீங்கய்யா, மறுக்கலை. படிச்சதை மறக்க வைக்க உங்களால முடியாது."

அப்பா அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

கையெழுத்து நாலாம் நாள் வந்தது, பக்கத்து நகரத்திலிருந்து. போட்ட ஆளுக்குக் கூடம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. அவள் தன் அளவுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். மேசைக்குப் பின்னாலிருந்தவர் கோப்பைப் புரட்டினார்.

"சான்று இருக்கு, கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. உங்க கையெழுத்தா?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கு என்னம்மா கவலை?"

கான்கிரீட் போட்ட ஞாயிறு, முதல் நாளைப்போலவே சபை முழுக்கக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து பாட வேண்டும் என்பது வழக்கம். உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் சென்ட்ரிங் பலகை, பலகையைத் தாங்கி அறுபத்திரண்டு முட்டுக் கம்பங்கள், முட்டுகளுக்கு நடுவே மனிதர்கள். முதல் ஆளாக அப்பா ஏறினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சாந்துச் சட்டியை வாங்கிக் கவிழ்த்தபோது கீழே பாட்டு உயர்ந்தது. அவள் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தாள். இன்று எதுவும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பாரம் முட்டுகளின்மேல்தான் இருக்கிறது. முட்டுகளைத் தட்டி எடுக்கிற அன்றைக்குத்தான் சுவருக்கு முறை வரும்.

"நிக்குது பாத்தியா, இன்ஜினியரம்மா!" என்று வாசலிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, வயிறு நிறைந்த சிரிப்பு.

பதினெட்டு நாள். பதினெட்டாம் நாள் அவள் போய் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"நாளைக்கு முட்டுக் கம்பத்தை எடுக்காதீங்கப்பா."

அவர் கரணையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்டப் பேச வேணாம். எடுக்காதீங்க, அது போதும்."

"எடுக்காம? காடு மாதிரி முட்டு நிக்கிற இடத்துலயா நூறாவது வருச விழா நடத்தறது?" மூன்று வாரத்தில் அவர் அவளோடு பேசிய முதல் வார்த்தை அது. பிறகு குரலை இறக்கினார். "தெற்குப் பக்கத்துலேருந்து எடுத்துட்டு வர்றேன். வடக்குப் பக்கம் கடைசியா. ஒவ்வொண்ணா, மெதுவா. சுவரு பேசினா எனக்குக் கேக்கும். போதுமா?"

"போதாது."

"உனக்கு எதுதான் போதும்" என்றார். கோபமாக அல்ல, அலுப்பாக. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை. கூட வந்த இரண்டு ஆட்களையும் அப்பா உள்ளே விடவில்லை. "வெளியவே நில்லுங்கடா, நான் எடுத்துத் தர்றேன், வாங்கி அடுக்குங்க" என்றாராம். அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் அவள் பிறகு கணக்குப் போட்டாள்.

சாலையின் எதிர்ப்புறம் நின்றாள். ஒவ்வொரு முட்டும் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. எண்ணினாள். தெற்கு முடிந்தது. நடு வரிசை முடிந்தது. நாற்பத்து நாலு. நாற்பத்தைந்து. வடக்குச் சுவரின் வெளிப்பூச்சில் மூன்றாவது பங்கில் ஒரு கோடு ஓடியது. கோடு வாயாகப் பிளந்தது. "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். பூச்சு தகடாக உரிந்து விழ, பின்னாலிருந்து மண் மூட்டை அவிழ்ந்ததுபோல் கொட்டியது. பக்கத்துப் பங்கு, அதற்குப் பக்கத்துப் பங்கு, வரிசையாக. தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தெற்குச் சுவரையும் இழுத்துக்கொண்டு அப்படியே மொத்தமாக இறங்கியது. சத்தத்தைவிடப் பிறகு வந்த புழுதிதான் அதிக நேரம் இருந்தது.

சாயங்காலம் கிரேன் வந்துதான் அவரை எடுக்க முடிந்தது.

சனிக்கிழமை அடக்கம். ஒன்பது கூடத்து ஆட்களும் வந்தார்கள். போதகர் அழுதார், உண்மையாகவே அழுதார். சாவிக்கொத்து பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். எவரும் எதையும் கேட்கவில்லை, எவரும் எதையும் சொல்லவில்லை. திங்கள்கிழமை பத்து மணிக்கு நகராட்சி அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் மட்டும் வாய்விட்டு வாய் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் இடிபாட்டுக்குப் போனாள். தனியாக இருக்கலாம் என்று நினைத்தாள். அங்கே தெற்குப் பக்கம் இரண்டாவது பங்கு இருந்த இடத்தில் தையல்கார அத்தை குனிந்து கிடந்தாள். பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்குக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்து, மண் குவியலில் பாதி புதைத்து வைத்தாள். இன்னொன்று. சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள், பிறகு அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

அத்தை மட்டும் அல்ல. லாரிக்காரர் வண்டியோடு வந்திருந்தார். இரும்புக்கடைக்காரர் தள்ளுவண்டியில். ஆசிரியர்கள் பைக்குள் வைத்து, காய்கறி வாங்கி வருகிறவர்கள்போல். அவரவர் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் தடுமாற்றம் இல்லை. ஒருவரையொருவர் பார்க்காமல், கழிப்பறை வாசலில் எதிர்ப்பட்டவர்கள்போல் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள். சாவிக்கொத்து கருங்கல் கொண்டுவந்திருந்தார், சொன்ன சொல் தவறாதவர். ஓரிடத்தில் கிடந்தது துணி துவைக்கிற கல், சோப்பு வாடைகூடப் போகவில்லை.

அவள் வடக்குச் சுவரின் மூன்றாவது பங்கில், அப்பாவை எடுத்த இடத்துக்குப் பக்கத்தில், மண்மேல் உட்கார்ந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது அம்மா வந்தாள். இடுப்பில் அலுமினியச் சட்டி, அப்பாவின் சாந்துச் சட்டி. அதற்குள் நான்கு கல்.

"எந்திரி."

"எதுக்கும்மா?"

"எல்லாரும் வச்சுட்டாங்க. நம்மது மட்டும்தான் இப்படிக் கிடக்கு. எந்திரி, வச்சுட்டுப் போயிடலாம்."

"அவங்க வச்சா நீயும் வைப்பியா?"

"அவரு சபை நடுவுல எந்திரிச்சு நின்னு கல்லுன்னு சொல்லியிருக்காரு" என்றாள் அம்மா. குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அதுதான் அவரு அங்க பேசின கடைசிப் பேச்சு. செத்தவரைப் பொய்யனாக்காதடி. நாலே நாலு கல்லு. அவர் பேருக்கு."

"அந்த நாலு கல்லு அன்னிக்கே இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரும்மா."

"இல்லையே. இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

அவள் எழுந்திருக்கவில்லை. அம்மா சட்டியை இடுப்பிலிருந்து இறக்காமல் நெடுநேரம் நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வெளிச்சம் மங்கியதும் அம்மாவும் கல்லைச் சுமந்தபடியே திரும்பிப் போனாள்.

திங்கள் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். காலணியில் மண் படாத தூரத்தில் நின்றுகொண்டார். சாவிக்கொத்து பக்கத்தில், போதகர் பின்னால், அதற்கும் பின்னால் சபை. வரைபடத்தைப் பார்த்துப் பங்கு பங்காக நடந்தார்கள்.

"இது?"

"கல்லுங்க."

"இது?"

"கல்லுங்க."

"ஐயா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றாள் அவள். "சுவத்துல இருந்த கல்லுன்னா சாந்து ஒட்டியிருக்கணும். ஒண்ணுலயும் இல்லை. அந்தக் கல்லை மோந்து பாருங்க, சோப்பு வாடை அடிக்கும். நேத்து கொண்டுவந்து வச்சது எல்லாம். அடியில தோண்டினா முழுக்க மண்ணு."

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"இன்ஜினியர்."

"இறந்தவரோட மகள்" என்றார் சாவிக்கொத்து, மிகவும் பரிவாக. "பாவம், துக்கத்துல இருக்கு."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு எழுதினார். வடக்குப் பக்கம் வந்தார்கள். மூன்றாவது பங்கில் நின்றார்.

"இது மட்டும் வெறும் மண்ணா இருக்கே. இது யாரு கட்டினது?"

தையல்கார அத்தை தரையைப் பார்த்தாள். அம்மா கூட்டத்தின் கடைசியில் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எங்க குடும்பம்" என்றாள் அவள்.

அதையும் எழுதினார். பதினொரு பங்கு கல். ஒரு பங்கு மண். அந்த ஒன்று பாரத்தைத் தாங்காமல் சரிந்ததே விபத்துக்குக் காரணம். அப்பங்கைக் கட்டிய குடும்பத்தைச் சேர்ந்த கொத்தனார், விவரம் தெரிந்தும் மறைத்து வேலை செய்திருக்கிறார். சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். பொய் என்று முழுதாகத் தள்ள முடியவில்லை. ஒரு பங்கு மண் என்பது உண்மை. அப்பா மறைத்தார் என்பதும் உண்மை. அதற்குக் கீழே, 'மற்ற பதினொன்றையும் தோண்டிப் பார்க்கக் கோருகிறேன்' என்று எழுதி, உரிம எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

அதிகாரி அந்த வரியைப் படித்தார். சாவிக்கொத்தைப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாதுகாப்புக்காகச் சீக்கிரம் அள்ளிடுங்க" என்றார் போகும்போது. "அந்த ஒரு குவியலை மட்டும் விட்டுடுங்க. சாட்சியம்."

மதியமே லாரி வந்தது. சபை ஆட்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். கல்லை ஒரு பக்கம் எடுத்துப் போட்டுவிட்டு மண்ணை முதலில் ஏற்றினார்கள். புதன்கிழமைக்குள் பதினொரு பங்கு இருந்த இடமும் பெருக்கிவிட்ட வாசல்போல் ஆகிவிட்டது. வடக்கு ஓரத்தில் அவளுடைய குடும்பத்தின் மண் மட்டும், இடுப்பு உயரத்துக்கு, அள்ளுவாரில்லாமல் கிடந்தது.